வாங்க, போங்க

ஒரு காலேஜ் ஆபீஸ்ல நோட்டீஸ் போர்டு புதுசா ஒரு ரூல் போட்டுச்சு: "இனிமே இங்க ஏய், வாடி, போடி எதுவும் கிடையாது. எல்லாருக்கும் வாங்க, போங்கதான்!"

மூலையில நின்ன துடைப்பத்துக்குத் தலைகால் புரியல. நேத்து வரைக்கும் "ஏய், இங்க கூட்டு"ன்னு அதட்டின நாற்காலி, இப்ப "கொஞ்சம் இங்க கூட்டுங்களேன்"னு கேக்குது! இதுக்காக அது எத்தனை வருஷம் ஏங்குச்சு!

சந்தோஷத்தைச் சொல்ல, தினமும் கூடவே வேலை பாக்குற குப்பை முறத்துக்கிட்ட ஓடுச்சு.

"வாங்க, நல்லா இருக்கீங்களா?"ன்னுச்சு முறம்.

துடைப்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஏண்டி, என் மேல என்ன கோவம்? நான் என்னடி தப்பு பண்ணேன்?"

முறம் பக்கத்துல சாஞ்சு முணுமுணுத்துச்சு: "கத்தித் தொலையாதடி, போர்டு பாத்துட்டே இருக்கு!"

அப்பதான் துடைப்பத்துக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.