காலையில் கத்தினால் மாலையில் ஊசி

தோள்வரை உறை மாட்டிய அவரது கை மாட்டுக்குள் இருந்தது.

அன்றைக்கு அது பதினாறாவது மாடு. தோள்மூட்டு காலையிலிருந்தே வலித்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதுவரை தோள் தாங்குமா என்று தினமும் யோசிப்பார். யோசித்துக்கொண்டே அடுத்த மாட்டுக்கு உறையை மாற்றுவார். கால்நடை டாக்டரின் ஆயுளில் பாதி மாட்டுக்குள்தான் போகிறது.

கண்ணை மூடிக்கொண்டார். இந்த வேலையில் விரலுக்குத்தான் பார்வை.

இடப்பக்கச் சூலகம். சின்னது, கெட்டி. ஒன்றுமில்லை.

வலப்பக்கம்.

அங்கே மெத்தென்று ஒரு குழி. புதுக் குழி.

முட்டை முற்றி, வெடித்து, போய்விட்டிருந்தது. வெளியே வந்த முட்டை எட்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். இனி ஊசி போடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மாட்டிடம் ஒரு கோளாறும் இல்லை.

அது தெரிந்ததும் அவருக்குச் சோர்வுதான் கூடியது. இதே மாட்டுக்கு நான்கு முறை சினை ஊசி போட்டிருக்கிறார். நான்கும் நிற்கவில்லை. ஒருமுறையாவது சூலகத்தை நிதானமாகத் தடவிப் பார்த்திருக்கலாம். இருபது மாடு காத்திருக்கும்போது யார் பார்ப்பது?

"இனிமே நிக்காதப்பா" என்று போன தடவை சொன்னதும் அவர்தான். அதை நம்பித்தான் மாட்டுக்காரன் சென்னியப்பன் வெள்ளிக்கிழமை அடிமாட்டு வியாபாரியை வரச் சொல்லியிருந்தான். மனசு கேட்காமல், கடைசியாக ஒருமுறை பார்க்கக் கூப்பிட்டிருந்தான்.

"எப்பப்பா கத்துச்சு?"

"காலைல எட்டு மணிக்குங்க. தறியில இருந்து வந்தேன், கத்தீட்டு இருந்துச்சு. உடனே உங்களுக்குப் போன் பண்ணீட்டேன்."

பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் மாலையில் ஊசி. முப்பது வருடப் பாடம். ஒவ்வொரு தடவையும் சென்னியப்பன் காலை என்றான். ஒவ்வொரு தடவையும் அவர் மாலையில் வந்தார்.

சென்னியப்பன் சோப்பு எடுக்க வீட்டுக்குள் போனான். அவன் மனைவி துளசிமணி கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். எப்போதும் அவள்தான் ஊற்றுவாள். தீனி போடுவதும் சாணி அள்ளுவதும் அவள்தான். அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன?

"ஏம்மா, நீ எப்பப் பாத்தே?"

செம்பு பாதியில் நின்றது.

"நேத்து வெடியாலயேங்க. பின்னாடி கண்ணாடியாட்ட வழும்பு ஒழுகுச்சு. நாந்தான் தொடச்சு உட்டேன். அவரு வந்து படுத்துட்டாருங்க. நைட்டெல்லாம் தறி ஓட்டீட்டு வர்றவர எழுப்புனா சத்தம் போடுவாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க அவரத்தானுங்களே கேட்டீங்க."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்.

சென்னியப்பன் சோப்போடு வந்தான்.

மாடு நல்ல மாடு என்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் தாமதம், தப்பு என்னுடையது என்றார். இருபத்தொரு நாளில் அடுத்த முட்டை முற்றும், அதுவரை விற்காதே என்றார். முதலில் பார்ப்பவள் அவள், அவள் எனக்குச் சொல்லட்டும் என்றார்.

"என்றகிட்ட போனு இல்லீங்க" என்றாள் துளசிமணி.

சென்னியப்பன் மாட்டைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"ஒரே ஒருக்காதானுங்க. அதுக்கு மேல என்னால தீனி போட முடியாது."

போடுவது யார் என்று அவர் கேட்கவில்லை.

இருபத்தோராம் நாள் விடியற்காலை ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது.

சென்னியப்பன் பெயர்.

அரைத்தூக்கத்தில் குழம்பினார். இந்நேரம் அவன் தறியில் அல்லவா நிற்பான்? வீடு திரும்ப எட்டு மணி ஆகுமே.

"சொல்லுப்பா."

மறுமுனையில் வளையல் சத்தம் கேட்டது.

மாடு கத்தியது.