நூற்று எழுபத்தாறு குதிரைகள்

“பெல்ட்டை அவ்ளோ இறுக்காத. இறுக்கி இறுக்கியே பாதி பவரை முழுங்கிடுவ. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

முன்னாள் கணவன் இப்படிச் சொன்னதும் அவள் காரை மெஷினோடு பிணைத்திருந்த பெல்ட்டைச் சற்றுத் தளர்த்தினாள். பந்தயக் கார் ரோலர்கள் மேல் நின்றது. எஞ்சினில் பிறக்கும் சக்தியில் எவ்வளவு சக்கரம் வரை வந்து சேர்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவள் தொழில். விவாகரத்துக்குப் பிறகு அவன் இந்த வாசலை மிதிப்பது இதுவே முதல் முறை.

வேறு வழியில்லாமல்தான் வந்திருந்தான். கூட வந்த பந்தய அணி முதலாளி இந்த மெஷினைத் தவிர வேறு எதையும் நம்ப மாட்டார். சக்கரத்தில் முந்நூறு காட்டினால் அணியின் தலைமை எஞ்சின் நிபுணர் வேலை அவனுக்கு.

“எஞ்சின் முந்நூத்தி எண்பது ஹெச்.பி. சார். ஒவ்வொரு நட்டும் என் கையால முடுக்கினது,” என்றான் கூசாமல்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கம்பெனி எஞ்சினைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, நான்கு வருடம் ராப்பகலாக இழைத்து இழைத்து அந்த எஞ்சினை உருவாக்கியவள் அவள். அவன் டார்ச் பிடித்தான். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

கார் யாருக்கு என்று கோர்ட்டில் கேட்டபோது அவன் வேறு பாட்டுப் பாடினான். “கம்பெனியிலேர்ந்து வந்த எஞ்சின் அப்படியே இருக்குங்கய்யா. இவ ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்ல,” என்று சத்தியம் செய்தான். ஒரு மாதத்துக்குள் காரை அவனிடம் ஒப்படைக்கும்படி தீர்ப்பானது. சரியாக இருபத்தொன்பதாம் நாள் ஒப்படைத்தாள். அவன் சொன்ன அந்த வார்த்தையை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

முதலாளி விவரமானவர். முன்னதாகவே தன் காரை ஏற்றி மெஷினைச் சோதித்திருந்தார். வழக்கமாக வரும் எண்ணே வந்திருந்தது.

இப்போது அவன் முறை. தானே உட்கார்ந்து மிதித்தான். எஞ்சின் கதறியது, திரையில் கோடு ஏறி வளைந்து நின்றது. இருநூற்று நான்கு.

“மீதி நூத்தி எழுபத்தாறு குதிரையும் எங்கய்யா போச்சு?” என்றார் முதலாளி.

“நடுவுல போகுது சார். கிளட்ச், கியர் பாக்ஸ், ஷாஃப்ட், பின் ஆக்ஸில்னு ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்குது.”

“கொஞ்சமா? பாதிய முழுங்குறதுக்கு அது என்ன கியர் பாக்ஸா, யானையா?”

அவனுக்கு வியர்த்துவிட்டது. எட்டு மாதமாக இதே ரோதனை. அந்த நான்கையும் மாற்றிவிட்டான், கியர் பாக்ஸை மட்டும் இரண்டு தடவை. எஞ்சினை மட்டும் ஒருவரையும் திறக்க விடவில்லை. தொழில் ரகசியம் வெளியே போய்விடுமாம். திறந்தால் திரும்ப மூடத் தெரியாது என்பதை அவன் வெளியே சொல்வானா?

“இவதான் ஏதோ பண்ணிட்டா சார்! பழி வாங்குறா!”

“உங்க வீட்டுச் சண்டை எனக்கு வேண்டாம்,” என்ற முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நடுவுல நிஜமா எவ்ளோ போகுதுன்னு அளக்க முடியுமா?”

“முடியும் சார். நல்ல வேகத்துல கிளட்ச்சை மிதிச்சுட்டு சக்கரத்தைச் சும்மா சுத்த விடணும். வேகம் எவ்ளோ சீக்கிரம் குறையுதுன்னு பார்த்து, வழியில எவ்ளோ போச்சுன்னு மெஷினே சொல்லிடும்.”

அவன் துள்ளினான். “அளந்து காட்டு! நடுவுல திருடுறது எதுன்னு இவருக்கும் தெரியட்டும்!”

மறுபடியும் ஏறி உட்கார்ந்து வேகம் பிடித்து, கிளட்ச்சை மிதித்தான். சக்கரங்கள் அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. திரையில் முப்பத்தாறு என்று வந்தது.

“முப்பத்தாறுதானா? எந்த நல்ல காருக்கும் அவ்ளோ போகுமே!” முதலாளி மனக்கணக்குப் போட்டார். “இருநூத்தி நாலும் முப்பத்தாறும்... அப்போ எஞ்சினே இருநூத்தி நாற்பதுதான் குடுக்குது. உன் கையால முடுக்கின லட்சணம் இதானா தம்பி?”

“இருக்கவே முடியாது சார்! அந்த எஞ்சின் முந்நூத்தி எண்பது! இதே மெஷின்ல என் கண்ணால பார்த்திருக்கேன்!”

முதலாளி தன் கார் சாவியைத் தேடி எடுத்தார். அதைப் பார்த்ததும் அவனுக்கு வெறி வந்துவிட்டது. அவள் முன்னால் போய் நின்று கத்தினான்.

“என் எஞ்சினை என்னடி பண்ணின?”

அவள் மெஷினை நிறுத்தினாள். எண் அச்சான தாளைக் கிழித்து அவன் கையில் கொடுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“நீங்க கோர்ட்டுல சத்தியம் பண்ணிக் கேட்ட எஞ்சினைத்தான் மாட்டிக் குடுத்தேன்.”