ஐந்து முறை சிமிட்டினால்

இந்த ஓட்டை வேனுக்கு ரிமோட் ஸ்டார்ட் ஒரு கேடா என்று முணுமுணுத்துக்கொண்டே, காலமான மாமனாரின் வண்டியை நோக்கி மருமகன் பொத்தானை அழுத்தினான். இன்ஜின் கிளம்பவில்லை. விளக்குகள் ஐந்து முறை சிமிட்டின. ரிமோட் மாட்டிய எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டான்.

"அஞ்சுன்னா யாரோ பிரேக்கை மிதிச்சிட்டிருக்காங்க சார். நியூட்ரல்ல விட்டு ஹேண்ட்பிரேக் போட்டீங்கள்ல?"

"நியூட்ரல்தான். ஹேண்ட்பிரேக் எதுக்கு? சரிவுலயும் கல்லு மாதிரி நிக்குது. பூட்டின வண்டியில எவன் மிதிப்பான்? நீயெல்லாம் வேலை பாக்க வந்துட்ட."

சரிவில் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. மாமனார் இருந்த காலத்தில், நின்ற வண்டியிலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். அதைச் சொல்லி இவன் சிரிக்காத நாளில்லை.

"போதும், காலை எடுங்க மாமா," என்றான் இளக்காரமாக.

சிவப்பு விளக்குகள் அணைந்தன.