கழித்துப் போட்ட பேரிங்

“அந்த பேரிங்கைக் கழட்டிக் குடுத்துடுங்கம்மா. அது நாங்க கழிச்சுப் போட்ட சரக்கு. தப்பா இங்க வந்துடுச்சு!”

சொல்லி முடிப்பதற்குள் பேரிங் கம்பெனி நோராவுக்கு மூன்று தும்மல். மந்தைவெளி தாயம்மா மில்லில் அரைபடுவது சீயக்காய். பவர் கட்டில் மெஷின் நின்றிருந்தும் தூள் அடங்கவில்லை.

“கழட்டறதா? தொட்டுப் பாரு, சொல்றேன்!” குறுக்கே வந்து நின்றாள் தாயம்மா. “இதுக்கு முந்தி மாசத்துக்கு ஒண்ணு பூடும். இது எட்டு மாசமா ஓடிக்கினு கீது. அதான் உன் கண்ணை உறுத்துதா?”

“எட்டு மாசமா?” நோரா மெஷினை எட்டிப் பார்த்தாள். உடனே சமாளித்துக்கொண்டாள். “இருந்தாலும் இதோட எஃகு கொஞ்சம் மெத்துனு இருக்கும்மா. உள்ளே முழுக்கக் கெட்டியா இருந்தாத்தான் நல்ல பேரிங். எங்க ஆபீசர் சட்டம் அது.”

“நல்லா போட்டாரு சட்டம்!” தாயம்மா ஒரு டப்பாவைக் கவிழ்த்தாள். செத்துப்போன பேரிங்குகள் உருண்டன. “இதெல்லாம் கெட்டிதான். தூள் பூந்து பள்ளம் வுழுந்தா, அந்த ஓரத்துலயே வெடிச்சுக்குது. ஆயுத பூஜைக்குத் தொடைக்கறப்ப இதையும் பாத்தேன். பள்ளத்தை வாங்கிக்கினு அது பாட்டுக்கு ஓடுது.”

நோரா நகரவில்லை. கைப்பையிலிருந்து புது பேரிங் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“பதிலுக்கு இதை வெச்சுக்குங்க. நாளைக்குக் காலைல அது ஆபீசர் மேஜையில இல்லேன்னா என் வேலை போயிடும்மா. வாங்காம நான் போகமாட்டேன்.”

தாயம்மா முறைத்தாள். ஆனால் வேலை போய்விடும் என்றதும் மனசு கேட்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பழையதைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள்.

நோரா பழையதைத் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் பள்ளங்கள். ஒரு வெடிப்புகூட இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எடுத்துக்கினு போய் உருக்கிடு. அடுத்த மாசமே நான் வேற வாங்கணும், என் தலையெழுத்து!”

“உருக்கவா? நாளைக்கு மீட்டிங்ல இதைத்தான் காட்டப் போறேன். இந்த எஃகைப் பதப்படுத்தி உருவாக்கினதே நான்தாம்மா. தூசியில ஒரு வாரம் தாங்காதுன்னு ஆபீசர் மொத்தத்தையும் உருக்கச் சொல்லிட்டாரு. நான் ரெண்டை மட்டும் ஒளிச்சு வெச்சு, ஒண்ணை உங்களுக்கு அனுப்பின பெட்டியில மாத்தி வெச்சேன். மன்னிச்சுடுங்க.”

தாயம்மா வாயைப் பிளந்தாள்.

“அடிப்பாவி! அப்ப இன்னொண்ணு?”

“இப்ப மாட்டினீங்களே, அதுதான்.”