இடது பக்கம்

கையைப் பிடித்து அழைத்து வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பழைய குத்துச்சண்டை வீரரின் கண்ணைச் சோதித்தார் டாக்டர்.

"இடது கண்ணுல பார்வையே இல்லையே சார்?"

"கடைசி மேட்சுக்கு முன்னாடியே போயிடுச்சு. மறைச்சுட்டேன்."

"அதுலயும் நீங்கதானே ஜெயிச்சீங்க! ஒரு தடவைகூடத் தோக்காதவர் ஏன் அதோட குத்துச்சண்டையை விட்டுட்டார்னு ஊரே மண்டையை உடைச்சுக்கிச்சு."

"எதிர்ல நின்னவன் ரெண்டாவது ரவுண்டுலயே கண்டுபிடிச்சுட்டான். அப்புறம் கடைசிவரைக்கும் இடது பக்கம் ஒரு குத்துகூட விடலை. அவனை ஜெயிச்சுட்டு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மறுபடி மேடை ஏறுறது?"

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

"நீங்கதானே வெளிய உட்காரச் சொன்னீங்க."

கதவு திறந்தது. உள்ளே வந்தவர், வழக்கம்போல இடது பக்கமாகப் போய் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.