கடைப் படியில் உட்கார்ந்தவன்

"பாய், கேக்கேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. நீங்க தண்ணி போடுதியளாமே, நெசமா?"

என் மகள் சைனப்பின் வருங்கால மாமனார் நசீர் பாய் இப்படிக் கேட்டபோது, நான் அவர் பக்கம் முறுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

கோபர்கைரனேயிலிருந்து இரண்டு ரயில் மாறி, தாராவிக்கு இதைக் கேட்கத்தான் தனியாக வந்திருக்கிறார் மனிதர். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

அவர் உட்கார்ந்திருந்தது என் இடது பக்கம். அந்தக் காது எனக்குக் கேட்காது. வந்தவரை எழுப்பி இடம் மாற்றினால் ஏன் என்று கேட்பார். அதனால் பெரிய மரியாதைக்காரனைப் போல உடம்பையே திருப்பி, அவர் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்வி மட்டும் கேட்காமல் போயிருக்கலாம்.

என் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை.

என் கார்கானாவில் லெதர் பை தைத்துக்கொண்டிருந்த வாசிமை, வாய் நாறுகிறது என்று எல்லோர் முன்னாலும் திட்டி வெளியே அனுப்பியவன் நான். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலை சுற்றுகிறவன் எங்கே உட்காருவான்? எட்டிய படியில் உட்காருவான். அது தேசி தாரு விற்கிற சாராயக் கடைப் படி.

தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். தொழுதுவிட்டு வந்த பாதி ஜமாஅத் அந்த வழியாகத்தான் போனது. எழுந்து நடந்தபோது இரண்டு முறை சுவரைப் பிடித்தேன். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

இடது காதுக்கு உள்ளே, மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு. புற்று இல்லை, உங்களுக்கு இருப்பது பரம்பரையாக வருகிற வகையும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த ஆறு மாதம் இப்போதுதான் முடிகிறது. வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, எனக்குத் தெரியாது. எந்நேரமும் காதுக்குள் ஒரு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

விஷயம் என் மனைவி ஷமீமாவுக்கு மட்டும் தெரியும். சைனப்பிடம் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரி ஃபைல் பீரோவின் மேல் இருந்தது. எழுந்து கையை நீட்டினால் போதும். குடிகாரன் என்ற பெயர் அந்த நிமிஷமே போய்விடும்.

ஆனால் தலைக்குள் கட்டி என்ற செய்தி கோபர்கைரனே போய்ச் சேருவதற்குள் புற்றுநோய் ஆகிவிடும். வாப்பாவுக்கு இருந்தால் மகளுக்கு வராதா என்று யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். டாக்டர் சொன்னதை யார் கேட்கப்போகிறார்கள்? சைனப்புக்கு அந்தப் பையன் சாஹிலைப் பிடித்திருக்கிறது. அறையை இரண்டாகப் பிரிக்கிற திரைக்கு அந்தப் பக்கம் அவனோடு போனில் பேசும்போது சிரிப்பை அடக்கிக்கொள்வாள். எனக்கு மிச்சமிருக்கிற காதில் அது நன்றாகவே விழும்.

இப்போதும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் டீ போட்டுக்கொண்டிருந்தாள். டம்ளர் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"உண்டு பாய்," என்றேன். "வெள்ளிக்கிழமையோட விட்டுட்டேன்."

சொன்னதும் உடம்பெல்லாம் கூசியது. பெற்ற மகள் கேட்கும்படி, ஜும்ஆ தொழுத அன்றைக்கே குடித்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நசீர் பாய் பெருமூச்சு விட்டார். கோபம் வரும் என்று பார்த்தால், மனிதருக்கு நிம்மதி.

"ச்சலோ, குடிதானே! தலையில ஏதோ சீக்குன்னும் ஒரு பேச்சு வந்துச்சு பாய். சாஹில் உம்மா ரெண்டு நாளா தூங்கல. குடின்னா திருத்திக்கிடலாம்."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இனி தொடமாட்டேன் என்று அல்லாஹ்விடம் தவ்பா செய்யச் சொன்னார். செய்தேன். குரல் உடைந்துவிட்டது. அவர் அதைக் குடிக்காக அழுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். நான் அப்போது சொன்ன பொய்க்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சைனப் டீ கொண்டுவந்தாள். முக்காடு சரியாக இருந்தது. என்னை மட்டும் பார்க்கவில்லை. இனி என்னை நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள் என்று நினைத்தேன்.

"நீதாம்மா வாப்பாவப் பாத்துக்கிடணும்," என்றார் நசீர் பாய், மனசு லேசாகி. "இதுக்கெல்லாம் இப்ப டாக்டர் இருக்காங்க."

"ஆமா மாமா. புதன்கிழமை நான்தான் கூட்டிட்டுப் போறேன். வெள்ளிக்கிழமைக்குப் பொறவு அவங்க தொடல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை. நசீர் பாய் முழுவதுமாக நம்பினார். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

புதன்கிழமைதான் எனக்கு ஸ்கேன். அது ஷமீமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருங்கால மாமனாருக்கு முதல் டீயைப் பொய்யோடு கொடுக்கிறாள் என் பிள்ளை. எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கொதிக்கிற டீயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.