கழுத்துப் பட்டை

காப்புக்காட்டுச் சாலைக்குத் தார் போட மூன்றாம் முறையும் அனுமதி மறுத்தது சூழல் ஆய்வு இயந்திரம். "இச்சாலையில் நடமாடும் உயிர்கள்: ஐந்து மான்கள். தார் தேவையில்லை." நாற்பது குடும்பங்கள் தினமும் நடக்கும் சாலை அது. சாலைப் பணியாளர் மாதிக்குப் புரியவேயில்லை.

"மானை எண்ணுது, நம்மள எண்ணாதா?" என்று கணவனிடம் கத்தினாள். போன மழையில் இந்தப் பள்ளங்களில் ஜீப் குலுங்கித்தான் அவள் அக்காவின் குழந்தை செத்துப் பிறந்தது. இப்போது தங்கைக்கு ஒன்பதாம் மாதம்.

"மான் கழுத்துல பட்டை சிக்னல் விடுது புள்ள. நம்ம கழுத்துல பாசிமணிதானே கெடக்கு!"

வனக் கிடங்கில் மான்களிடமிருந்து கழற்றிக் குவித்திருந்த, இன்னும் சிக்னல் விடும் பட்டைகளை மாதி அள்ளிவந்தாள். முதலில் தங்கைக்கு மாட்டினாள். ஊரே மாட்டிக்கொண்டு அந்தச் சாலையில் நடந்தது.

எட்டாம் நாள் அனுமதி வந்தது: "பெரிய மந்தை. குளம்பு நோகும். உடனே தார் போடவும்."